அறுநூத்திநாப்பதை நாப்பதாக்கினவன்

அவன் இறங்கியிருக்கக் கூடாது, அண்ணாச்சி. தப்பு பூரா அவன் மேலதான். ஒரு பொம்பளை முக்கால் மணி நேரம் சத்தம் போட்டா, லேப்ல உக்காந்திருக்கிறவன் அறுநூத்திநாப்பதை நாப்பதுன்னு எழுதி, சீல் குத்திக் குடுத்துருவானா? பேரம் பேசுறது என் தொழில். நான் பேசத்தான் செய்வேன். இறங்காம நிக்கிறது அவன் தொழில்லா? என் தொழிலை நான் ஒழுங்கா பார்த்தேன். அவன் பார்க்கலை. இப்போ என் மக புருஷன் வீட்டை விட்டு வந்து உக்காந்திருக்கா. இதை யாரைப் போய்க் கேக்க?

அவனைத்தான் கேக்கப் போறேன். அதுக்குத்தான் இந்த பஸ்.

கொஞ்சம் தள்ளி உக்காருங்க. பையை மடியில வச்சுக்கிடுறேன், இந்தப் போத்தலை மட்டும் பிடிங்க. பால்தான். விடியக்காலம் பீச்சினது, நம்ம பக்கத்துக் கன்னி இனத்து ஆட்டுப் பால். தாகமா இருந்தா குடிங்க, கூச்சப்படாதீக. கோவில்பட்டி போய்ச் சேர ஒரு மணி நேரம். இந்த டிரைவர் ஓட்டுறதைப் பார்த்தா ஒண்ணரை.

என் பேரு சீனித்தாய். எங்க சனிக்கிழமைச் சந்தையில ஆடு வாங்கி விக்கிற ஒரே பொம்பளை நான்தான். வீட்டுக்காரர் போய்ச் சேரும்போது மூணு ஆடும் ஒரு கைப்பிள்ளையும் விட்டுட்டுப் போனார். மூணு ஆட்டையும் வித்துட்டு வந்துருவோம்னு சந்தைக்குப் போனேன். போனவளை ஏமாத்தினானுக பாருங்க, அந்த ஏமாத்துல படிச்சதுதான் எல்லாம். பள்ளிக்கூடம் மூணாப்பு. சந்தை இருபத்திரெண்டு வருஷம்.

நீங்க ஆட்டுச் சந்தை பார்த்திருக்கீகளா? ஆம்பளைத் தரகனுக ஒரு துண்டை விரிச்சு, அதுக்கடியில கையை விட்டு, விரலைப் பிடிச்சே விலை பேசிருவானுக. சுத்தி நிக்கிறவனுக்கு ஒண்ணும் தெரியாது. நான் கையை நீட்டினா எவன் பிடிப்பான்? பிடிச்சா அவன் பொண்டாட்டி விடுவாளா? இல்ல, நான்தான் விடுவேனா? அதனால நான் வாயால பேசினேன். சந்தைக்கே கேக்கிற மாதிரி பேசினேன். "ஏல, நீ ஆடு வாங்க வந்தியா, ஆட்டுக்குப் பொண்ணு பாக்க வந்தியா? பல்லைப் பாக்க, காலைப் பாக்க, சாதகத்தையும் எடுத்துட்டு வரட்டுமா?" இப்படித்தான். சிரிச்சவன் வாங்காமப் போனதில்லை.

விலை படிஞ்சா அவனுக துண்டை உதறுவானுக, அதோட முடிஞ்சது. எனக்குத் துண்டு ஏது? நானா ஒண்ணு கண்டுபிடிச்சேன். ஆட்டு மடியைப் பிடிச்சு ஒரு பீச்சு என் வாயில, ஒரு பீச்சு வாங்குறவன் வாயில. "பால் சாட்சி. வாக்கு மாறினா நாக்கு வெந்துபோகும்." கிடா வித்தா? பக்கத்துல நிக்கிற பெட்டையைப் பிடிச்சுப் பீச்சிருவேன். அது வேற யாரு ஆடா இருந்தாலும் சரி. சந்தையில இதுக்குன்னே ஒரு கூட்டம் நிக்கும், அண்ணாச்சி. மூணு கஜத்துல ஒருத்தன் வாயைத் திறந்துக்கிட்டு நின்னா, ஒரு சொட்டு சட்டையில படாம உள்ள அடிப்பேன். வாக்கு மாறினான்னு எவனும் என்னைச் சொன்னதில்லை.

இந்தப் பெருமையில மண்ணைப் போட்டது தவசிமுத்து வாத்தியார். ரிட்டையர் ஆகி வீட்டுல சும்மா இருக்க முடியாம, ஆவணியில என்கிட்ட ரெண்டு பெட்டை வாங்கினார். வாயைத் திறக்கவே சங்கடப்பட்டார். "பச்சைப் பாலாம்மா?"ன்னார். "பச்சைப் பிள்ளை குடிக்குது, நீங்க குடிக்க மாட்டீகளா?"ன்னு அடிச்சுவிட்டேன். கார்த்திகையில அவருக்குக் காய்ச்சல். பொழுது சாய்ஞ்சா குளிரும், விடியுறப்போ வேர்த்துக் கொட்டும், இடுப்பு கழண்டு விழுற மாதிரி வலிக்குமாம். டைபாய்டுன்னாங்க, மலேரியான்னாங்க, மாத்திரையா விழுங்கினார். கேக்கலை. திருநெல்வேலியில ஒரு பெரிய டாக்டர், "ஆடு மாடு வளக்கீங்களா, காய்ச்சாத பால் குடிச்சீங்களா?"ன்னு கேட்டாராம். குடிச்சேன்னு சொன்னாப் போதாதா? சந்தை பேரு, என் பேரு, எத்தனை பீச்சு, எல்லாம் ஒப்பிச்சிருக்கார். வாத்தியாருக்குப் பொய் சொல்ல வரலை. அதுவும் ஒரு குறைதான்.

அந்த ரெண்டுல ஒண்ணு செத்த குட்டி போட்டுச்சுன்னு வேற ஒரு பேச்சு. என்கிட்ட இருக்கும்போதும் ஒரு தடவை போட்டதுதான். கண்ணேறுன்னு மிளகா சுத்திப் போட்டுட்டுத்தான் அவருக்கு வித்தேன். சுத்தாமலா குடுத்தேன்?

இதைக் கேட்டதும் ஆளாளுக்கு ஆரம்பிச்சுட்டானுக. கறிக்கடைக்காரருக்கு முட்டி வலி. பருத்திக் கமிஷன்காரருக்கு ராத்திரிக் காய்ச்சல். போன வருஷம் எங்கிட்ட கிடா வாங்கின பூசாரிக்கு இடுப்பு பிடிப்பு. இடுப்பு யாருக்குத்தான் வலிக்கலை? எனக்கும்தான் வலிக்குது. எனக்கும்தான் சாயங்காலமானா குளிருது. வயசு ஆகுதுல்லா.

சந்தைக் குத்தகைக்காரர் பொன்னையா வந்து நின்னார். "அக்கா, கோவிச்சுக்கிடாதே. லேப்ல ரத்தம் குடுத்து, உனக்கு ஒண்ணும் இல்லைன்னு ஒரு சீட்டு வாங்கிட்டு வா. இல்லாட்டி வாற சனிக்கிழமை உன் ஆட்டை உள்ள விடமாட்டேன்."

"ஏன், ஆட்டுக்கு ஓட்டர் ஐடி வேண்டாமா?"ன்னேன். மசியலை. போனேன்.

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால, மாடியில இருக்கு அந்த லேப். வேலைக்கு இருந்தது அந்த ஒரே ஆளுதான். நாப்பத்தஞ்சு வயசு இருக்கும், மூக்குக் கண்ணாடிக் காலை நூல் வச்சுக் கட்டியிருந்தான், பேசினா எதிர்ல இருக்கிறவனுக்கே கேக்காது. எனக்கு அப்பவே தெரிஞ்சிருக்கணும். ஊசியைப் போட்டு ரத்தம் எடுத்தான். "இவ்வளவு எதுக்கு, பாதி போதாதா?"ன்னேன். "சரிம்மா"ன்னு ஊசியை வெளிய எடுத்துட்டான். பாருங்க! அதுலயே இறங்கிட்டான்.

மறுநாள் போனா, நோட்டுல சிவப்பு மையில எழுதிக்கிட்டிருக்கான்.

"அம்மா, உங்களுக்கு ஆட்டுக் காய்ச்சல் வந்திருக்கிற மாதிரி தெரியுது. ஒண்ணுக்கு அறுநூத்திநாப்பது."

"அறுநூத்திநாப்பது என்னது?"

"உங்க ரத்தத்துல மேல தெளிஞ்சு நிக்கிற தண்ணியை எடுத்து, உப்புத்தண்ணி சேர்த்து, ஒரு குழாய்க்கு ஒரு குழாய் பாதி பாதியா நீர்த்துக்கிட்டே போவோம். ஒவ்வொண்ணுலயும் செத்துப்போன கிருமியைக் கொஞ்சம் விடுவோம். எந்தக் குழாய் வரைக்கும் அது திரிஞ்சு கட்டுதுன்னு பாப்போம். உங்களுக்கு அறுநூத்திநாப்பது மடங்கு நீர்த்த பிறகும் கட்டுது."

நான் பால்காரி, அண்ணாச்சி. எனக்கு இது புரியாதா? பால்ல ரெண்டு பங்கு தண்ணி ஊத்தினாலே டீக்கடைக்காரன் மூஞ்சியைச் சுளிப்பான். "என் ரத்தத்துல அறுநூத்திநாப்பது பங்கு தண்ணி ஊத்தியும் சுரத்து குறையலைன்னா, அது நல்ல ரத்தம்லா? அதை எழுதிக் குடு, சந்தையில தொங்கவிடுதேன்"னேன்.

அவன் தலையைச் சொறிஞ்சான். "அப்படி இல்லைம்மா. கிருமி உள்ள வந்தா, உடம்பு அதைப் பிடிக்கன்னே காவக்காரங்களை உண்டாக்கும். நாங்க இதுல திருடனைத் தேடுறதில்லை. காவக்காரனை எண்ணுறோம்."

"காவக்காரன் நிறைய இருந்தா நல்லதுதானே?"

"ஒரு ஊர்ல திடீர்னு அறுநூறு போலீஸ் வந்து நின்னா, ஊரு நல்லா இருக்குன்னா அர்த்தம்?"

"எங்க ஊர்க் கொடைக்கு அதைவிடக் கூட நிப்பாங்க."

வரிசையில உக்காந்திருந்தவங்க சிரிச்சுட்டாங்க. அவனுக்கும் சிரிப்பு வந்துருச்சு. எதிராளி சிரிச்சா பாதி வியாபாரம் முடிஞ்ச மாதிரி. விடுவேனா? "சரிய்யா, எவ்வளவு இருந்தா ஒண்ணுமில்லைன்னு சொல்லுவாக?"

"எண்பதுக்குக் கீழ இருந்தா, பெரிசா எடுத்துக்க மாட்டாங்க."

வாயை விட்டான் பாருங்க! கடைசி விலையை முதல்ல சொல்றவன் எந்தச் சந்தையில பிழைப்பான்?

"முன்னூறு போடு."

"அம்மா, இது விலை இல்லை."

"நூத்தியறுபது. உனக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம்."

"நானா வச்ச எண் இல்லைம்மா இது. உங்க ரத்தம் சொல்லுது."

"என் ரத்தம் என் பேச்சைக் கேக்கும். நீ எழுது."

அவன் மாட்டேன்னு தலையாட்டினான். நான் சத்தத்தைக் கூட்டினேன். புருஷன் இல்லாதவள்னேன், பொட்டப்பிள்ளையைப் பெத்தவள்னேன், இருபத்திரெண்டு வருஷப் பிழைப்புன்னேன், எல்லாம் உண்மைதானே? வாசல்படியில உக்காந்துட்டேன். ரத்தம் குடுக்க வந்தவன் எவனும் உள்ள வரமுடியலை, குடுத்தவன் எவனும் வெளிய போகமுடியலை. ஒரு சுகர்க்காரக் கிழவர், "சாப்பிடாம வந்திருக்கேன்யா, அந்தம்மா கேக்கிறதைக் குடுத்துத் தொலை"ன்னு கத்தினார். நல்ல மனுஷர்.

முக்கால் மணி நேரம். சீட்டை எடுத்தான், எழுதினான். நான் எண்பதுக்கு ஒரு நூல் கீழ இருந்தாப் போதும்னு நினைச்சேன். அவனா நாப்பது போட்டான்! கேட்டதுக்கு மேல குடுத்தான், அண்ணாச்சி! அப்படி ஒரு வியாபாரியை நான் பார்த்ததே இல்லை. நோட்டுல மட்டும் சிவப்பு மையில அறுநூத்திநாப்பது அப்படியே இருந்துச்சு. "நோட்டைத் தொட மாட்டேன்"னுட்டான். "நோட்டை எவன் பாக்கப் போறான், அது கிடக்கட்டும்"னு நானும் விட்டுட்டேன்.

சீட்டை நீட்டும்போது சொன்னான், "டாக்டரைப் பாருங்கம்மா. ஆறு வாரம் மாத்திரை சாப்பிடணும். பாலைக் காய்ச்சிக் குடிங்க, யாருக்கும் பச்சையாக் குடுக்காதீங்க."

"நாப்பதுதானேய்யா இருக்கு, எதுக்கு மாத்திரை?"ன்னேன்.

பேனாவை மூடிப் பையில செருகினான். என்ன சொல்லுவான்?

வியாபாரம் முடிஞ்சுதுல்லா, முறைப்படி சாட்சி வேணுமே. லேப்புக்கு ஆட்டையா ஓட்டிட்டுப் போகமுடியும்? இதே மாதிரி ஒரு போத்தல்ல கொண்டு போயிருந்தேன். நான் ஒரு மடக்கு குடிச்சுட்டு அவன்கிட்ட நீட்டினேன். ரெண்டு எட்டு பின்னால போனான். அவன் முதுகு ஐஸ் பெட்டியில இடிச்சுது. "வேண்டாம்மா, வேண்டாம்மா"ங்கான். கையால நாப்பதுன்னு எழுதின மனுஷன், வாயால குடிக்க மாட்டேன்னுட்டான். நான் அப்ப அதை யோசிக்கலை. கூச்ச சுபாவம்னு நினைச்சுக்கிட்டேன்.

சீட்டை லேமினேஷன் போட்டு ஆடு கட்டுற கம்பத்துல தொங்கவிட்டேன். பொன்னையா படிச்சுப் பார்த்துட்டு ஒதுங்கிக்கிட்டார். ரெண்டு சனிக்கிழமை ராணி மாதிரி வியாபாரம் பார்த்தேன். வாத்தியார் வந்து சீட்டை உத்து உத்துப் பார்த்தார். "என்ன சார், திருத்தி மார்க் போடப் போறீகளா?"ன்னேன். இடுப்பைப் பிடிச்சுக்கிட்டுப் போயிட்டார்.

இப்போதான் என் மக கதைக்கு வாறேன். ராசகனி. ஒரே மக. அவளுக்கு ஆட்டுப் பால் வாடையே ஆகாது. பல்லு முளைச்ச நாள்லருந்து ஒரு சொட்டு குடிச்சதில்லை. போன ஆவணியில சாத்தூர்ல கட்டிக் குடுத்தேன். மாப்பிள்ளை செண்பகராஜ் காலண்டர் கம்பெனியில வேலை பாக்கார். தங்கமான பிள்ளை, ஆட்டை நாலடி தள்ளி நின்னு பாக்கிற ரகம். மறுவீட்டுக்கு வந்தப்போ, சம்பந்தம் பேசி முடிச்ச நான் சாட்சி வைக்க வேண்டாமா? வாயைத் திறங்க மாப்பிள்ளைன்னு ஒரு பீச்சு. அவருக்குப் பிடிச்சுப் போச்சு. தலைத் தீபாவளிக்கு வந்தப்போ நாலு நாளும் டம்ளர் டம்ளராக் கேட்டு வாங்கிக் குடிச்சார்.

மார்கழியில அவருக்குக் காய்ச்சல். தை முடியுறப்போ வீக்கம். எங்கன்னு கேக்காதீக. சொல்லக் கூடாத இடம். பனங்காய் கணக்கா வீங்கி, மனுஷன் வேட்டியை மடிச்சுக் கட்ட முடியாம, காலை அகட்டி அகட்டி நடக்கார். புதுசாக் கலியாணம் ஆன பையனுக்கு அந்த இடத்துல வீங்கினா ஊரு என்ன பேசும்? பேசுச்சு. மாப்பிள்ளையோட அம்மா, என் சம்பந்தகாரிதான் முதல்ல பேசினா.

டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துட்டு, "ஆட்டுக் காய்ச்சல், மாத்திரையில குணமாயிரும்"னு தெளிவாத்தான் சொல்லியிருக்கார். சம்பந்தகாரி நம்பலை. "எங்க வீட்டுல ஆடு ஏது? டாக்டர் மரியாதைக்காரர், கெட்ட சீக்குக்கு நல்ல பேரு வச்சுச் சொல்லுதார்"ங்கா. "எங்க பையன் கம்பெனி விட்டா வீடு. இது வந்தவ கொண்டுவந்தது"ன்னுட்டா. என் மகளை! பாலே குடிக்காத பிள்ளையை!

மாசி பிறந்ததும் கூப்பிட்டுவிட்டாங்க. போனேன். முற்றத்துல அவ அண்ணன் தம்பி, சொக்காரன் எல்லாம் உக்காந்திருக்கானுக. ராசகனி சுவத்தோரமா நிக்கா. மாப்பிள்ளை கட்டில்ல. அவர்தான் ஈனக்குரல்ல சொன்னார், "அத்தை குடுத்த பால்லதான் வந்திருக்கும்மா, டாக்டர் சொன்னாருல்லா."

சம்பந்தகாரி செல்போனை எடுத்து என் மூஞ்சிக்கு நேரா காட்டினா. கம்பத்துல தொங்குற என் சீட்டு! சந்தையில எவனோ போட்டோ எடுத்து அனுப்பியிருக்கான்.

"மதினி, தினமும் பச்சைப் பாலு குடிக்கிற உங்களுக்கே ஒண்ணும் இல்லைன்னு எழுதியிருக்கே. நாலு நாள் குடிச்ச என் பிள்ளைக்கு எப்படி வரும்? நீங்களே சொல்லுங்க, இந்தச் சீட்டு உண்மையா, பொய்யா?"

நான் என்ன சொன்னேன்னு நினைக்கீக?

சத்தியமா உண்மைன்னு சொன்னேன்.

வாயில வந்துருச்சு, அண்ணாச்சி. இருபத்திரெண்டு வருஷமா எவன் என் சரக்கைப் பார்த்து உண்மையான்னு கேட்டாலும், மனசு யோசிக்கிறதுக்கு முன்னால வாய் சத்தியம்னு சொல்லிரும். சொல்லி முடிச்சப்புறம்தான் மகளைப் பார்த்தேன். அவளுக்குத் தெரியும். அறுநூத்திநாப்பதை எப்படி இறக்கினேன்னு போன்ல ஒவ்வொரு வார்த்தையா சொல்லிச் சிரிச்சதே அவகிட்டதான். அவளும் சிரிச்சா அன்னைக்கு. இப்போ சிரிக்கலை. அழவும் இல்லை. உள்ள போய் பெட்டியை எடுத்துட்டு வந்துட்டா.

பஸ்ல பேசலை. வீட்டுல பேசலை. மூணாம் நாள் சோறு வைக்கும்போது ஒரே ஒரு பேச்சு பேசினா. "இறக்கத் தெரிஞ்சவளுக்கு ஏத்தத் தெரியாதா?" அவ்வளவுதான். பங்குனி வந்தாச்சு, அதுக்கப்புறம் ஒரு வார்த்தை இல்லை. சந்தையே என் சத்தத்துக்கு ஒதுங்கும். அவ பேசாம இருக்கிறதுக்கு என்னால ஒண்ணும் பண்ண முடியலை.

வேற லேப்ல புதுசா எடுக்கலாமேன்னு நீங்க நினைக்கீக. நானும் நினைச்சேன். "ரெண்டு மாசம் முன்ன நாப்பது வாங்கினவ, இப்போ அறுநூறு வாங்க மாட்டாளா"ன்னு சம்பந்தகாரி கேப்பா. நான் அவ இடத்துல இருந்தாலும் அதைத்தான் கேப்பேன். அந்த நோட்டுதான் வேணும். தை மாசத் தேதி போட்டு, சிவப்பு மையில, அவன் கைப்பட எழுதினது.

போன் பண்ணினேன். "அம்மா, நீங்கதானே வாசல்ல உக்காந்து வாங்கினீங்க. இப்போ அது பொய்யின்னு வெளிய சொன்னா என் வேலை போயிரும்மா"ங்கான். வேலை போயிருமாம்! அந்த நோட்டைப் படிச்சா எனக்கு மட்டும் சந்தையில இடம் இருக்குமா? பொன்னையா கம்பத்தையே பிடுங்கிருவார். வாத்தியார், கறிக்கடைக்காரர், பூசாரி, அத்தனை பேரும் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு என் வாசலுக்கு வருவாக. அது தெரியாமலா இந்த வெயில்ல பஸ் ஏறியிருக்கேன்?

ஆனாலும் ஒண்ணு சொல்றேன். இதுக்கெல்லாம் மூலம் அவன்தான். அன்னைக்கு மட்டும் "போடி வெளியே"ன்னு ஒரு சத்தம் போட்டிருந்தான்னா...

ஜன்னலைக் கொஞ்சம் சாத்துறீகளா? குளிருது. உங்களுக்குக் குளிரலையா? சரி விடுங்க.

கண்டக்டர் கோவில்பட்டிங்கான், இறங்கணும். அந்தப் போத்தலைக் குடுங்க. மூடி கழண்டிருக்கே, குடிச்சிட்டீகளா? உண்மையைச் சொல்லுங்க. மோந்து மட்டும்தான் பார்த்தீகளா? நல்லவேளை. குடிக்காதீக, அண்ணாச்சி. குடுங்க இங்க. பழக்கத்துல கொண்டு வந்துட்டேன், பழக்கத்துல உங்ககிட்டயும் குடுத்துட்டேன். ஓரமா ஊத்திருறேன்.

லேப் மாடி ஏறினதும் அவன்கிட்ட இப்படித்தான் சொல்லப் போறேன், கேட்டுக்கிடுங்க: ஏய்யா, கண்ணாடிக்காரா! இன்னைக்கும் வாசல்படியிலதான் உக்காரப் போறேன். ஆனா இன்னைக்கு நீ இறங்கக் கூடாது, ஏறணும். அந்த நோட்டைத் தூக்கிக் கக்கத்துல வை. என்கூட சாத்தூர் பஸ்ல ஏறு. சம்பந்தகாரி முற்றத்துல, அவ அண்ணன் தம்பியெல்லாம் கேக்க, என் மக கேக்க, வாயைத் திறந்து சத்தமா படி. சீனித்தாய், தை மாசம், ஒண்ணுக்கு அறுநூத்திநாப்பதுன்னு படி. இந்தச் சிறுக்கி கத்திக் கத்தி என்னைப் பொய் எழுத வச்சான்னும் சேர்த்துப் படி, வாங்கிக்கிடுறேன். என் ஆயுசுல சொன்ன விலைக்கு எதையும் வாங்கினதில்லை. இதை வாங்கிக்கிடுறேன். அறுநூறுன்னு சொன்னா விடமாட்டேன். ஒண்ணு குறையக் கூடாது. முழுசா அறுநூத்திநாப்பதும் வேணும் எனக்கு. படி!